நாயோடு விளையாட்டு

மாலை ஐந்து மணி வாக்கில் எந்தத் தோட்டத்து லயத்தின் முன்னால் போய் நின்றாலும் ஒரு காட்சி கண்ணில் படும். பள்ளிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிள்ளைகள் திடலுக்கு ஓடுவார்கள். அவர்களுக்கு முன்னாலேயே நாலைந்து நாய்கள் ஓடும். ஒரு பையன் பழைய துண்டின் ஒரு முனையைப் பிடித்திருப்பான். மறு முனை நாயின் வாயில் இருக்கும். இவன் இழுக்க, அது இழுக்க, கடைசியில் இரண்டும் புல்லில் உருளும். செம்பனைக் குலை வெட்டிக் கை மரத்துப்போய் வாசலில் உட்கார்ந்திருக்கும் தகப்பனார், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை நாம் லேசாக எண்ணிவிடக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் பொழுதுபோக்குகள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்கு வெகு காலம் முன்பே நாய் வந்து சேர்ந்துவிட்டது. விடியாத இருட்டில் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டன் பாட்டிமாருக்குத் துணை நாய்தான். விளக்கின் வெளிச்சத்துக்கு அப்பால் பாம்பு கிடக்கிறதா, பன்றி நிற்கிறதா என்று முதலில் சொன்னதும் நாய்தான். எனவே நாய் வளர்க்கலாமா கூடாதா என்ற வழக்கை இன்று நாம் எடுக்கப்போவதில்லை. அந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. நாயோடு சேர்ந்து நாம் செய்கிற காரியங்களில் எதில் எவ்வளவு இன்பம், எதில் எவ்வளவு ஆபத்து, இரண்டையும் எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

நிறுப்பது நமக்குப் புதிதல்ல. பால் நிறுக்கிற இடத்தில் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதவர்கள் நாம். அரைக் கிலோ குறைந்தாலும் கிராணியிடம் நியாயம் கேட்போம். ஆனால் நாய் விஷயத்தில் அந்தக் கண்டிப்பு நம்மிடம் இருப்பதில்லை. “எங்க நாய் கடிக்காது” என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடித்துவிடுகிறோம்.

நம் பழமொழியும் இதற்குத் துணை நிற்கிறது. குரைக்கிற நாய் கடிக்காது என்று எந்தப் புண்ணியவான் சொன்னாரோ தெரியவில்லை. தபால்காரரைக் கேட்டால் வேறு கதை சொல்லுவார். குரைக்கிற நாயும் கடிக்கும், குரைக்காத நாயும் கடிக்கும். நாலடியார் நாயின் நட்பை யானையின் நட்பைவிட உயர்வாகப் பேசுகிறது என்பது மெய்தான். ஆனால் அங்கே பேசப்படுவது நாய்க்கும் அதன் எசமானனுக்கும் உள்ள உறவு. அடுத்த வீட்டு மூன்று வயதுப் பிள்ளை அதன் காதைப் பிடித்துத் திருகும்போது நாய் என்ன செய்யும் என்பதற்கு அது சான்று ஆகாது.

நாய் கடித்து மருத்துவமனைக்கு வரும் சிறு பிள்ளைகளில் பெரும்பாலோரைக் கடித்தது எங்கிருந்தோ வந்த நாயல்ல. சொந்த வீட்டு நாய், அல்லது தினம் பார்க்கிற பக்கத்து வீட்டு நாய். பெரியவர்களுக்குக் காலிலும் கையிலும் கடி விழும். சிறு பிள்ளைகளுக்கு முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழும். காரணம் எளிது: பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன.

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டாம்.

அந்த வீட்டில் மணி என்று ஒரு நாய். சாதுவான நாய். நாலு வயதுப் பையன் அதன் மேல் ஏறி உட்காருவான், வாலைப் பிடித்து இழுப்பான். அது பேசாமல் இருக்கும். சமையலறைக்குப் பின்னால் ஒரு தகரத் தட்டில் அதற்குச் சோறும் மீன் முள்ளும் போடுவார்கள். ஒரு நாள் அது சாப்பிடும்போது பையன் பக்கத்தில் போக, நாய் உறுமியது. தகப்பனார் பார்த்தார். “பிள்ளையைப் பார்த்தா உறுமுற?” என்று விளக்குமாற்றுக் கட்டையால் நாலு வைத்தார். அதன் பிறகு நாய் உறுமவில்லை. திருந்திவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அதே தட்டு, அதே நேரம், அதே பையன். இந்த முறை உறுமல் இல்லை. நேரே கன்னத்தில் கடி.

பாட்டி ஓடிவந்து மஞ்சளையும் காப்பித் தூளையும் வைத்து அழுத்தினாள். மாமன்காரர் கட்டையை எடுத்துக்கொண்டு நாயைத் துரத்தினார். இரத்தம் நிற்பதற்குள் நாய் செத்துவிட்டது. வாழை மரத்துக்குப் பின்னால் புதைத்தும் விட்டார்கள். பிறகுதான் பையனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “நாய் எங்கே?”

யாரும் பதில் சொல்லவில்லை.

இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். உறுமல் என்பது என்ன? “எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ” என்று நாய் சொல்லும் வார்த்தை அது. அதற்கு முன்பே வேறு சில வார்த்தைகளும் சொல்லியிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசி இல்லாமலே நாக்கால் உதட்டை நக்கும். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். உடம்பு விறைக்கும். இவற்றையெல்லாம் நாம் கவனிப்பதில்லை, உறுமலைத்தான் கேட்கிறோம். கேட்டவுடன் அடிக்கிறோம். அடி வாங்கிய நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: உறுமினால் அடி விழும். ஆகவே உறுமுவதை விட்டுவிடுகிறது. அதன் கோபமும் பயமும் அப்படியே உள்ளே இருக்கின்றன. வீட்டில் புகை வரும் என்று ஊதுகிற சங்கை நாமே உடைத்துப் போட்ட கதைதான் இது. நாய் உறுமினால் பிள்ளையை அப்பால் எடுங்கள். பிறகு எதற்காக உறுமியது என்று யோசியுங்கள். சாப்பாட்டுத் தட்டா, குட்டிகளா, காதில் புண்ணா, தூங்கும்போது மிதித்துவிட்டானா? காரணம் இல்லாமல் இருக்காது.

அடுத்தது, மருத்துவர் கேட்ட கேள்வி. நாய் எங்கே என்று அவர் கேட்டது அதைத் தண்டிப்பதற்கல்ல. வெறிநாய்க்கடி நோய் என்று நாமும், அஞ்சிங் கிலா என்று மலாய்க்காரர்களும், ரேபிஸ் என்று மருத்துவர்களும் சொல்லும் நோய் நாயின் எச்சிலில் இருக்கிறது. எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய் வெகு நாள் உயிரோடு இருக்காது. கடித்த நாயைக் கட்டிப்போட்டோ கூண்டில் அடைத்தோ 10 நாள் கவனித்தால், அது நல்லபடியாக உண்டு உறங்கி நடமாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் அந்த நோய் இல்லை என்று மருத்துவர் நிச்சயமாகச் சொல்ல முடியும். கொன்று புதைத்துவிட்டால் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பையனுக்கு எல்லா ஊசியும் போட வேண்டியதாயிற்று. ஊசி போட்டாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று சொல்லியும் தாய் மனம் கேட்கவில்லை. மூன்று மாதம், பிள்ளைக்குத் தலை சுட்டாலும் இருமினாலும் அவள் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பயம் வீண் பயம் என்றும் சொல்ல முடியாது. ரேபிஸ் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும்; சில நேரம் ஒரு வாரத்திலும் தெரியலாம், ஓராண்டு கழிந்தும் தெரியலாம். முகத்தில் கடித்தால் மூளைக்குத் தூரம் குறைவு. அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. ஆனால் அறிகுறி வருவதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் உயிர் தப்பிவிடலாம். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில வாரங்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

அந்த அவகாசத்தை முதன்முதலில் பயன்படுத்திக் காட்டியவர் பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் பல இடங்களில் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனை அவன் தாய் பாஸ்டரிடம் கொண்டுவந்தாள். பாஸ்டர் அதுவரை மிருகங்களிடம் சோதித்து வந்த தடுப்பு மருந்தை அந்தப் பையனுக்குப் போடச் செய்தார். பையன் பிழைத்தான். பெரியவனாகி, பாஸ்டர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்திலேயே வாயில் காவலராக வேலை பார்த்தான்.

இதெல்லாம் எங்கேயோ நடப்பது, நம் நாட்டில் அந்த நோய் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அப்படிச் சொல்ல இடமிருந்தது. சிங்கப்பூர் 1953 முதல் அந்த நோய் இல்லாமல் இருக்கிறது. மலாயாவிலும் 1950களில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, தாய்லாந்து எல்லையை ஒட்டிய மாநிலங்களில் ஒரு பாதுகாப்பு அரணும் ஏற்படுத்தினார்கள். அதற்குப் பிறகு வெகு காலம் நோய் பெரிதாகத் தலைகாட்டவில்லை. ஆனால் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் அது மறுபடி தென்பட்டது. 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் சரவாக்கில், செரியான் வட்டாரத்தில், சிறு பிள்ளைகள் அந்த நோயால் மாண்டார்கள். அதற்குப் பிறகு சரவாக்கில் மட்டும் பல பத்துப் பேரை அது கொண்டுபோயிருக்கிறது. அவர்களில் பலர் கடித்தது வளர்ப்பு நாய்தானே, குட்டிதானே, சிறு கீறல்தானே என்று இருந்துவிட்டவர்கள். உலகம் முழுதும் பார்த்தால், வெறிபிடித்ததாகச் சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

ஆகவே கடி விழுந்தால் மஞ்சளும் வேண்டாம், காப்பித் தூளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நீண்ட நேரம். பிள்ளை கத்துவான், கேட்கிறவர்களுக்கு மனம் இளகும். இருந்தாலும் கழுவுங்கள். பிறகு நேரே கிளினிக். வயிற்றைச் சுற்றி 14 ஊசி என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது நாலைந்து ஊசிதான், அதுவும் பெரியவர்களுக்குக் கையில், சிறு குழந்தைகளுக்குத் தொடையில். மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நாள் ஒன்றையும் தவறவிடக் கூடாது. நாயைக் கட்டி வையுங்கள், கொல்லாதீர்கள். கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள். ஆத்திரத்தில் அடித்துக் கொல்வது பாவம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி மிருகத்தைக் கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு.

இனித் தராசுக்கு வருவோம். ஒவ்வொரு காரியத்துக்கும் இரண்டு கேள்வி போதும். இது கெட்டுப்போனால் திருத்த முடியுமா? ஒரு சிறு மாற்றம் செய்தால் இதிலுள்ள இன்பம் எவ்வளவு குறையும்?

சாப்பிடும் நாயைத் தடவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போனால் பிள்ளையின் முகம், திருத்த முடியாது. நாய் சாப்பிட்டு முடிக்கும் வரை பத்து நிமிடம் காத்திருந்தால் இன்பம் எவ்வளவு குறையும்? ஒன்றும் குறையாது. நாயைக் கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைத்து முத்தம் கொடுப்பதும் இதே கணக்குத்தான். அணைப்பு நமக்கு அன்பு. பல நாய்களுக்கு அது பிடியில் சிக்கிய உணர்வு. மார்பிலும் கழுத்தடியிலும் சொறிந்துவிட்டால் நாய் கண்ணை மூடிச் சொக்கும். பிள்ளைக்கும் அதில் குறைவில்லை.

துண்டு இழுக்கும் விளையாட்டை நாம் தடுக்க மாட்டோம். அது நல்ல விளையாட்டு. துண்டு நீளமாக இருக்கட்டும், கைக்கும் பல்லுக்கும் இடையில் ஒரு முழமாவது இருக்கட்டும். நாய் வெறியோடு குதிக்க ஆரம்பித்தால் பையன் துண்டைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கப் பழக வேண்டும். ஓடினால் நாய் துரத்தும். அது அதன் இரத்தத்தில் ஊறியது. மரம் போல நில், கையை உடம்போடு ஒட்டிக்கொள், நாயின் கண்ணைப் பார்க்காதே, விழுந்துவிட்டால் சுருண்டு காதையும் முகத்தையும் கையால் மூடிக்கொள். இதை வீட்டு முற்றத்தில் ஒரு விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கலாம். நாம் ஒரு தோட்டத்துப் பாலர் பள்ளியில் இதைச் செய்துகாட்டியபோது பிள்ளைகள் மரமாக நிற்பதில் போட்டி போட்டார்கள். ஒருத்தி மட்டும் தான் செம்பனை மரம் என்று கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

குட்டிகளோடு விளையாடுவது பிள்ளைகளுக்குச் சொர்க்கம். அதிலுள்ள ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு உருண்டைப் புழு வந்துவிடுகிறது. குட்டியின் மலத்தோடு வெளியே வரும் முட்டைகள் மண்ணில் சில வாரம் கிடந்து முற்றுகின்றன. மண்ணில் விளையாடிய பிள்ளை கையைக் கழுவாமல் வாயில் வைத்தால் அவை உள்ளே போகும். எப்போதாவது அந்தப் புழுக் குஞ்சு கண்ணுக்குப் போய்ப் பார்வையைக் கெடுத்ததும் உண்டு. நாயின் கொக்கிப்புழுவோ வெறுங்காலில் தோலைத் துளைத்துக்கொண்டு சிவந்த கோடாக ஊர்ந்து அரிப்பெடுக்கும். இவ்வளவுக்கும் மருந்து என்ன? குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து. மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பது. பிள்ளைக்குக் கை கழுவுவது, காலில் செருப்பு. இதைவிட மலிவான பேரம் எந்தச் சந்தையிலும் கிடைக்காது. ஒன்று மட்டும்: குட்டி போட்ட தாய் நாயின் பக்கத்தில் முதல் சில வாரம் பிள்ளைகளை விடவே வேண்டாம். பெற்றவள் யாராக இருந்தாலும் பெற்றவள்தான்.

மழை விட்டதும் அல்லூரிலும் ஆற்றிலும் நாயோடு சேர்ந்து குதிப்பது இன்னொரு கொண்டாட்டம். இதில் நமக்குத் தயக்கம் உண்டு. எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் தண்ணீர் வழியாகவே பரவுகிறது. நாய்க்கும் அது வரும், நாயின் மூத்திரத்தாலும் அது பரவும். 2010ஆம் ஆண்டு பகாங்கில், மாரான் வட்டாரத்து லுபுக் யூ ஆற்றில் மூழ்கியவரைத் தேடி இறங்கியவர்களிடையே தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் கிருமிகளால் காய்ச்சல் கண்டு உயிர்கள் போனது பலருக்கு நினைவிருக்கும். காலில் கையில் புண்ணோ வெட்டோ இருந்தால் இறங்க வேண்டாம். வெள்ளம் வடிந்த கலங்கல் நீரில் இறங்கவே வேண்டாம். குளித்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் இறங்கினேன் என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று போய்விடும்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு அண்ணன்மார் சிலர் வானொலியை மூடிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு பேர், பத்து நாய்கள், பாராங்கு, வேல்கம்பு என்று காட்டுப்பன்றி வேட்டைக்குப் புறப்படும் வழக்கத்தைச் சொல்கிறோம். இளம் செம்பனைக் கன்றுகளைப் பன்றி தோண்டிப்போடுகிறது என்பது உண்மை. அந்தக் காலத்தில் தோட்ட நிர்வாகமே கண்டும் காணாததுபோல் இருந்ததும் உண்மை. இருந்தாலும் இந்தக் காரியம் நம் தராசில் நிற்கவில்லை. கொம்பன் பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றைக் கிழித்துவிட்டால் அந்தக் காட்டில் தைத்துவிட யார் இருக்கிறார்கள்? குடல் சரிந்த நாயைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டு வரும் ஆட்களை நாம் பார்த்திருக்கிறோம். வீடு வந்து சேரும்போது சாக்கில் அசைவு இருக்காது. புதருக்குள் நாயா, பன்றியா, கூட வந்த ஆளா என்று தெரியாத நேரத்தில் பாய்ச்சுகிற வேலுக்கும் கண் இல்லை. வனவிலங்குத் துறையின் உரிமம் இல்லாமல் வேட்டையாடுவது தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாய்கள் பிடித்துக்கொண்டு வருவது எறும்புத்தின்னியாக இருந்தாலோ, தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் அந்த அண்ணன்மாரிடம் நாம் ஒரு நாள் உட்கார்ந்து பேசினோம். வேட்டையில் என்னதான் சுகம் என்று கேட்டோம். ஒருவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பன்றி கிடைக்கிறது பத்து தடவைக்கு ஒரு தடவைங்க. காலைப் பனியில நாய்ங்களோட நடக்கிறது, மோப்பம் பிடிச்சி அதுங்க ஓடுறதைப் பார்க்கிறது, மரத்தடியில உட்கார்ந்து பசியாறறது, அதுதான்.” அவர் சொன்னதில் பன்றியே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நடையும், நாயும், தீம்பாரும், பசியாறலும் அப்படியே இருக்கட்டும். பாராங்கை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். ஒரு துணியில் மாட்டுத் தோலின் வாசனையைத் தேய்த்து மறைத்து வைத்துவிட்டு நாயைத் தேடச் சொல்லிப் பாருங்கள். அது காட்டும் உற்சாகம் எந்த வேட்டைக்கும் குறையாது.

மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தொட்டி மேல் நாயை உட்கார வைத்துப் போவதும், கயிற்றில் கட்டிப் பின்னால் ஓட வைப்பதும் பார்க்க வேடிக்கையாக இருக்கும். முன்னதில், எதிரே ஒரு பூனை போனால் நாயும் குதிக்கும், கைப்பிடியும் திரும்பும், பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் விழும். பின்னதில் நாய் சாகும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்வை. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது உடம்பைத் தணித்துக்கொள்ள வேண்டும். உச்சி வெயிலில் நமக்கு ஈடுகொடுத்து ஓடும் நாய், நின்றுவிட்டால் நாம் விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று பயந்து ஓடுகிறது. களைப்பைச் சொல்லத் தெரியாது. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். காலையிலும் மாலையிலும் ஓடட்டும்.

தீபாவளிப் பட்டாசைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைக்கு நாயை வீட்டுக்குள் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். மிரண்டு ஓடிப்போகும் நாய்களில் பல திரும்பி வருவதில்லை.

அக்கம்பக்கத்தாரையும் நினைக்க வேண்டும். இன்று தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த முஸ்லிம் தொழிலாளர்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள். தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோனவர்களுக்கும் மலாய்க்காரர்கள் அண்டை வீட்டார். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படி ஏழு முறை கழுவித் தூய்மை செய்ய வேண்டும். நம் நாய் அன்பாகத்தான் அவர்கள் மேல் பாய்கிறது. ஆனால் தொழுகைக்குப் போகிற மனிதருக்கு அது எவ்வளவு சங்கடம்! கயிற்றில் பிடித்துக்கொண்டு நாம் ஓரமாக ஒதுங்கி நின்றால் இன்பம் ஏதும் குறைவதில்லை. தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் நாய் வளர்க்க ஊராட்சியின் உரிமம் வேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்காக நாயை எந்நேரமும் சங்கிலியில் கட்டிப் போடுவதும் கூடாது. ஓட இடமில்லாத நாய், வருகிறவரிடமிருந்து விலகிப் போக வழியில்லாத நாய், பல்லைத்தான் காட்டும். கட்ட வேண்டிய நேரத்தில் கட்டுங்கள். சங்கிலி எட்டும் தூரம் எவ்வளவு என்று அளந்து, அந்த எல்லைக்குத் தரையில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.

இந்த வட்டம் நம் யோசனை அல்ல. முன்னே சொன்னோமே, கன்னத்தில் கடிபட்ட பையன், அவன் வீட்டில் பார்த்தது. ஆறு மாதம் அந்த வீட்டில் நாய் இல்லை. வாங்கவே கூடாது என்று பாட்டி சொல்லிவிட்டாள். பிறகு ஒரு நாள் பையனே ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். தகப்பனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய்க் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்தார். பின்வாசலில் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார். “தட்டில் சோறு இருக்கிற வரைக்கும் இது அதோட வீடு, நம்ம வீடு இல்ல” என்றார். மழையில் கோடு அழிந்தால் மறுபடி போடுவது பையனின் வேலை. நாம் போயிருந்த அன்று குட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தகப்பனார் பேச்சுவாக்கில் ஒரு காலைக் கோட்டுக்குள் வைத்துவிட்டார்.

“அப்பா, கால்!” என்று கத்தினான் பையன்.

அவர் காலை எடுத்துக்கொண்டார்.